கதவு முதுகுப் பக்கம்

மழை பிடித்துக்கொண்ட ஒரு பிற்பகலில் குருவி அந்த மனநல வார்டுக்கு மாற்றலாகி வந்தாள். அவளுடைய சன்னமான குரலைக் கேட்டு, உடன் வேலை பார்த்த நர்ஸுகள் வைத்த பெயர் அது. நீளமான நடைபாதை. பகலிலும் இருட்டு. கடைசி அறையை நெருங்கும்போது, நனைந்த துணியை மூட்டையாகக் கட்டி மறந்துவிட்டது போல் ஒரு புழுங்கல் வாடை.

"அந்தக் கடைசி ரூம் கிழவர் மூணு பேரை அடிச்சிருக்காருடி," என்றாள் பெரியக்கா, அந்த வார்டின் தலைமை நர்ஸ். "ஒருத்திக்கு மூக்கு, ஒருத்திக்கு மணிக்கட்டு, இன்னொருத்தி வேலையே வேண்டாம்னு போயிட்டா. பஸ் ஓட்டின மனுஷன். சாப்பாடு கொண்டு போற ஆயாகிட்ட பசு. நம்மகிட்ட மட்டும் புலி."

"அப்படி என்னதான் கோபமாம்?"

"அவரைத்தான் கேக்கணும். இன்னொரு தடவை கை ஓங்கினா கட்டிப் போடச் சொல்லிட்டார் டாக்டர்."

"பாவம்க்கா, வயசானவரு. நான் பேசிப் பாக்கறேன்."

"பேசு, யாரு வேண்டாங்கறா? ஆனா சொல்லிக்கொடுத்த மாதிரி நில்லு. கதவு உன் முதுகுப் பக்கம் இருக்கணும். உனக்கும் கதவுக்கும் நடுவுல அவரை வர விடாதே. வெளியே வரும்போதும் முதுகைக் காட்டாம, பின்புறமாவே நடந்து வா."

குருவி உள்ளே போனாள். கதவை முதுகுப் பக்கம் வைத்து, இரண்டு கைகளையும் விரித்துக் காட்டியபடி நின்றாள்.

கிழவர் கட்டிலில் எழுந்து உட்கார்ந்தார். அவர் பார்வை அவள் முகத்தில் இல்லை. அவள் தோளுக்கு மேலே எங்கோ குத்தி நின்றது.

"தாத்தா, உங்களை யாரும் கட்ட மாட்டாங்க. நான் பாத்துக்கறேன். என்ன வேணும், சொல்லுங்க."

"ஒதுங்கு, பாப்பா."

"என் மேல கோபமா?"

"உன் மேல எனக்கென்ன கோபம்? நீ என் பேத்தி மாதிரி. ஒதுங்குன்னுதானே சொல்றேன்!"

எதிர்த்துப் பேசக் கூடாது. குரலை உயர்த்தக் கூடாது. கற்றதை எல்லாம் அவள் செய்தாள்.

அவர் பாய்ந்தார்.

ஓங்கிய கை அவள் காதை உரசிக்கொண்டு போனது. பின்னால் வெற்று வெளிதான். ஆனாலும் சத்தம் கேட்டது.

நனைந்த மெத்தையில் குத்தியது போல.

பெரியக்காவும் காவலாளியும் ஓடி வந்தார்கள்.

"வேண்டாம்க்கா! அவர் என்னை அடிக்கல!"

"முதல்ல எல்லாரும் இதைத்தான் சொன்னாளுங்க," என்றாள் பெரியக்கா, ஊசியை எடுத்தபடி. "காலைப் பிடிடி."

குருவி பிடித்தாள். வேறென்ன செய்வாள்? கட்டிலோடு சேர்த்துப் பட்டையை இறுக்கியதும் அவள் கைதான். கிழவர் திமிறவில்லை. அவளைப் பார்த்தார், அவ்வளவுதான்.

"கட்ட மாட்டாங்கன்னியே, பாப்பா."

அவள் குனிந்தாள். "அங்க யாரு, தாத்தா?"

மருந்தில் அவர் நாக்கு தடித்தது. "ஆயா கட்டிலைச் சுத்தி இந்தப் பக்கம் வந்துடுவா. அவளை அதால ஒண்ணும் பண்ண முடியாது. நீங்கதான் எல்லாரும்... கதவுக்கு முதுகைக் காட்டிக்கிட்டு..."

"எது தாத்தா?"

"பயப்படாதே. இப்ப உன்கிட்ட இல்ல." கண்கள் மெதுவாகக் கதவுப் பக்கம் நகர்ந்தன. அப்படியே மூடிக்கொண்டன.

காவலாளி வெளியே போய்விட்டிருந்தான். பெரியக்கா இவர்களைப் பார்த்தபடி வாசலருகே நின்றாள், கதவை முதுகுப் பக்கம் வைத்து.

அவள் தோளில் ஐந்து விரல்கள் இருந்தன.

வெளுத்து ஊறிப்போனவை. நகமே இல்லை.

குருவி எப்படிக் கட்டிலைத் தாண்டினாள் என்று அவளுக்கே தெரியாது. கை தானாக ஓங்கியது.

"அக்கா, ஒதுங்கு!"

பெரியக்கா அசையவில்லை. இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துக் காட்டினாள். அவள் குரல் தணிந்தது, தாய் பிள்ளையிடம் பேசுவதுபோல்.

"சரிம்மா. கையைக் கீழே போடு. மூச்சை மெதுவா விடு."

"அக்கா, உன் பின்னாடி! ஐயோ, திரும்பிப் பாரேன்!"

"நான் நம்பறேன், குருவி. நீ சொல்றது எல்லாத்தையும் நம்பறேன்." பிறகு, குரல் மாறாமலே, நடைபாதைக்குச் சொன்னாள்: "இன்னொரு ஊசி கொண்டு வாங்க. பட்டையும்."

சொல்லிவிட்டு, முதுகைக் காட்டாமல், கற்றபடியே, ஓர் அடி பின்னால் வைத்தாள்.

விரல்கள் தோளிலிருந்து கழுத்துக்கு நகர்ந்து அவளுக்கு வழி காட்டின.