கருத்தப்பாண்டியின் இடம்

ஏலப்பாறை கடைவீதியில் ஒரு போட்டோ ஸ்டுடியோவில் எனக்குப் படங்களைத் திருத்தும் டச்சிங் வேலை. 1977 ஆடி மாதம், மழை விடாத ஒரு மத்தியானம், எஸ்டேட் இளைஞர் மன்றச் செயலாளர் நல்லமுத்து ஒரு பிஸ்கட் டின்னோடு வந்தான். உள்ளே பத்து வருஷத்து நெகட்டிவ்கள்.

“ஈரத்துல பூசணம் புடிக்குதுண்ணே. எல்லாத்தையும் புதுசா காப்பி எடுத்துக் குடுங்க. இல்லேன்னா எங்க கூத்தெல்லாம் பின்னால யாருக்குத் தெரியும்?”

கூத்துதான். கிருதா, காதை மூடிய முடி, தெருவைப் பெருக்கும் பெல்பாட்டம், இரவல் கிதார். டார்க் ரூமின் சிவப்பு வெளிச்சத்தில் ஹைப்போ மருந்து நாற்றத்துக்கு நடுவே ஒவ்வொன்றாகப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தேன். எல்லா வருஷத்து குரூப் போட்டோவிலும் நடு வரிசையில் ஓர் ஆள் நிற்கும் அளவுக்கு இடம் விட்டிருந்தது.

எங்கள் தொழிலில் இது சகஜம். படம் எடுக்கும் அன்றைக்கு வராதவனுக்கு இடம் விடுவார்கள். பிறகு அவன் படத்தை வெட்டி ஒட்டி, ஓரத்தைப் பிரஷ்ஷால் மறைத்து, மறுபடி படம் எடுப்போம். இந்த வருஷப் படத்துக்கு வராத மன்றத்து ஆள் என் தம்பி பெரியமுத்து. பத்து நாளாகக் குளிர்காய்ச்சலில் எஸ்டேட் லயத்து வீட்டில் கிடந்தான். அந்த இடம் அவனுக்குத்தான் என்று நானே முடிவு கட்டினேன். நல்லமுத்துவிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கைவேலைக்காரன் என்ற திமிர் என்னைக் கேட்கவிடவில்லை.

பொங்கலுக்கு எடுத்த தம்பியின் படத்தை வெட்டி ஒட்டி, புது நெகட்டிவ் எடுத்து, பிரிண்ட் போட்டேன். பொங்கல் படத்தில் அவன் தலையைப் படிய வாரியிருந்தான். மருந்துத் தண்ணீர் ட்ரேயில் மெல்ல எழுந்த முகத்திலோ முடி நனைந்து நெற்றியில் ஒட்டிக்கிடந்தது.

தண்ணீருக்குள் கிடப்பதால் அப்படித் தெரிகிறது என்று நினைத்தேன்.

காய்ந்த பிறகும் அப்படியே இருந்தது.

மறுநாள் நல்லமுத்து அந்தப் படத்தைக் கையில் எடுத்தான். சட்டென்று மேசையில் கவிழ்த்து வைத்தான்.

“யாருண்ணே இங்க ஒட்டச் சொன்னது? இது கருத்தப்பாண்டி எடம்ணே. மொத வருசம், போட்டோவுக்குக் குளிச்சிட்டு வாரேன்னு ஆத்துக்குப் போனவன். பொணங்கூடக் கெடைக்கல. அவன் எடத்துல நாங்க யாரும் நிக்கிறதில்ல.”

படத்தைக் கிழித்தேன். நெகட்டிவைக் கொளுத்தினேன். மழையில் நனைந்தபடி லயத்துக்கு ஓடினேன்.

அம்மா வாசலிலேயே சிரித்தாள்.

“காய்ச்ச விட்டுருச்சுடா. மூணு தட்டு சோறு தின்னுட்டான். என்னையத்தான் அத்தை அத்தைங்கான். காய்ச்ச வேகத்துல ஒளறுதான்.”

உள்ளே ஆற்றுச் சேற்றின் வாடை.

தம்பி சுவரோரம் உட்கார்ந்திருந்தான். வேற்றாளைப் பார்ப்பதுபோல் என்னை ஏற இறங்கப் பார்த்தான்.

“போட்டோ எடுத்தாச்சா?” என்றான்.

ஒரு வருஷம் ஆகிறது. அவனுக்கு ஒரு தும்மல்கூட வந்ததில்லை. மகன் பிழைத்துவிட்டான் என்று அம்மாவுக்குச் சந்தோஷம். அதைக் கெடுக்க எனக்கு மனசு வரவில்லை. என் தம்பி எங்கே என்று அவனிடம் கேட்கவும் பயம்.

நேற்று மழை பிடித்துக்கொண்டது. சோற்றைப் பிசைந்துகொண்டே அவனாகத்தான் சொன்னான்.

“ஒன் தம்பிக்கு ஆத்துக்குள்ள ரொம்பக் குளிருதாம். கம்பளி கேக்கான்.”