நிற்கச் சொன்ன இடம்

நில் என்று சொன்ன இடத்தை விட்டுக் கைலாசம் நகர்ந்து வந்தது, சரவணமுத்துவுக்குத் தெரிந்து, அதுதான் முதல் தடவை.

புதுச்சேரி ரயில் நிலையத்தில் மாலை வண்டிக்காகச் சரவணமுத்து காத்திருந்தான். தோளில் கிடந்த துண்டு பின்பக்கமாக லேசாக இழுபட்டது. முப்பத்தைந்து வருஷம் பழகிய இழுப்பு. அண்ணன் கைலாசம் எங்கே போனாலும் தம்பியின் துண்டு நுனியைப் பிடித்துக்கொண்டுதான் நடப்பான். அவன் கண்ணை மூடிக்கொண்டான். கொஞ்ச நேரம் கழித்துத்தான் திரும்பினான்.

அதே ஆகிருதி. சரவணமுத்து தன் கையால் நெய்த அதே காவிக்கரை வேட்டி, அதே முண்டா பனியன். முகம் மட்டும் தெரியவில்லை. காகிதக் கூழில் வார்த்து, வெள்ளை பூசி, கன்னங்களில் இரண்டு சிவப்பு வட்டம் வைத்த சிரித்த முகமூடி ஒன்று அதை மறைத்திருந்தது. அன்று அந்த ஊர்த் தெருக்களில் ஆயிரம் பேர் அதே முகத்தோடு திரிந்தார்கள். யாரோ விளையாட்டுக்கு மாட்டி விட்டிருக்க வேண்டும்.

"எப்பிடிண்ணா வந்தே?" என்றான்.

பதில் வராது என்பது தெரிந்துதான் கேட்டான். பத்து வயதில் வந்த விஷக்காய்ச்சல் கைலாசத்தின் பேச்சையும் புத்தியையும் சேர்த்தே கொண்டுபோய்விட்டது. உடம்பு மட்டும் ஆனை மாதிரி வளர்ந்தது. உட்கார் என்றால் உட்காருவான். சாப்பிடு என்றால் சாப்பிடுவான். நில் என்றால், அடுத்த சொல் வரும்வரை, வெயிலோ மழையோ, நின்ற இடத்திலேயே நிற்பான்.

அதை நம்பித்தான் சரவணமுத்து அவனை இங்கே கூட்டி வந்திருந்தான்.

தை மாதம், மகள் உண்ணாமலைக்கு ராசிபுரத்திலிருந்து வந்த சம்பந்தம் முறிந்தது. அது மூன்றாவது. பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையின் தாயார், தறிக்குழிக்குப் பக்கத்தில் எச்சில் வழிய நின்றிருந்த கைலாசத்தைப் பார்த்துவிட்டு, கையிலிருந்த காப்பியைக் குடிக்காமல் கீழே வைத்தாள். "இது ரத்தத்துல வர்றதுங்களா?" என்று மட்டும் கேட்டாள். அவர்கள் போன பிறகு சரவணமுத்துவின் மனைவி கந்தம்மாள் அழவில்லை. அடுப்பை மெழுகிக்கொண்டே, "எங்கயாச்சும் தூரமாக் கூட்டிட்டுப் போயிருங்க. திரும்பி வர வழி தெரியாத ஊராப் பாத்து," என்றாள்.

மாசியில் பிரெஞ்சுக்காரன் ஊரில் முகமூடித் திருவிழா நடக்கும். அந்தக் கூட்டத்தில் ஒரு ஆள் தொலைவது ஒன்றும் அதிசயமில்லை. கடல் காட்டப் போகிறேன் என்று சேலத்தில் அம்மாபேட்டைத் தெரு முழுக்கச் சொல்லிவிட்டு அவன் அண்ணனோடு ரயிலேறினான்.

கடற்கரைச் சாலை முழுக்க வாத்தியச் சத்தமும், வறுத்த மீனின் வாடையும், சாராய நெடியும், வெயிலில் காயும் பசையின் புளிப்பும் கலந்து மூச்சை அடைத்தன; கரடி, ராணி, எமன், ஆணா பெண்ணா என்று சொல்ல முடியாத வெள்ளை முகங்கள் எல்லாம் தோளில் இடித்துக்கொண்டு போயின; ஒவ்வொரு முகமும் சிரித்தபடியே இருந்தது, ஆனால் சிரிப்புச் சத்தம் எந்த வாயிலிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க முடியவில்லை. கைலாசம் அதையெல்லாம் பார்க்கவே இல்லை. அவன் கடலைப் பார்த்தான். ஒவ்வொரு அலை உடையும்போதும் குழந்தை மாதிரிக் கையைத் தட்டினான்.

கடலுக்குள் நீண்டு போகும் பாலத்துக்கு அருகே, மணலில், சரவணமுத்து நின்றான்.

"இங்கயே நில்லுண்ணா. நான் வாரேன்."

துண்டு நுனியைப் பற்றியிருந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தான். அவை எதிர்க்கவே இல்லை. கொஞ்ச தூரம் போய் ஒரே ஒரு தடவை திரும்பிப் பார்த்தான். கூட்டத்துக்கு நடுவே, துணி இன்னும் கைக்குள் இருப்பது போல விரல்களை மூடிக்கொண்டு, அண்ணன் நின்றுகொண்டிருந்தான்.

இப்போது அவனே தேடி வந்துவிட்டான். சரவணமுத்துவுக்கு முதலில் வந்தது பயமில்லை, ஆறுதல். தெய்வமே பார்த்துத் திருப்பி அனுப்பிவிட்டது என்று நினைத்துக்கொண்டான். இன்னொரு பயணச்சீட்டு வாங்கினான். முகமூடியைக் கழற்றக் கை தூக்கியவன், பாதியிலேயே நிறுத்திக்கொண்டான். அதற்குப் பின்னால் இருக்கும் கண்களைப் பார்க்கத் தைரியம் வரவில்லை. வீடு போய்ச் சேரட்டும், அப்புறம் எடுத்துக்கொள்ளலாம்.

வண்டி கிளம்பியது. எதிரே உட்கார்ந்திருந்த உருவத்தின் மேல் தறிப் பாவு நூலுக்குப் போடும் கஞ்சியின் வாடை இல்லை. அண்ணன் உடம்பில் எப்போதும் இருக்கிற வாடை அது. இப்போது அடித்தது ஈரப்பாசியின் குளிர்ந்த வாடை. வேட்டி மடிப்பிலிருந்து மணல் உதிர்ந்துகொண்டே இருந்தது. தட்டிவிட்டான். மறுபடி உதிர்ந்தது. காகித முகமூடிக்குள் ஒரு ஆள் மூச்சு விட்டால் வாய்ப்பக்கம் ஈரத்தில் ஊறிப் போகும். இது ஊறவில்லை. வெயிலில் வைத்த அப்பளம் மாதிரி மொறமொறவென்றே இருந்தது.

பிரெஞ்சு எல்லையில் சுங்கச் சோதனைக்கு வண்டி நின்றது. அதிகாரி ஒருவர் கையில் விளக்குடன் ஏறினார்.

"யாருய்யா இது? வேஷத்தக் கழட்டச் சொல்லு."

"எங்கண்ணனுங்க. வாய் பேசாதுங்க."

அவர் தாமே குனிந்து, முகமூடியை மோவாய்ப் பக்கமாகக் கொஞ்சம் தூக்கி, விளக்கை உயர்த்திப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு மெதுவாக, ஒரு தொட்டிலை மூடுவது போல, அதைப் பழையபடி இறக்கிவிட்டார். விரல்களைச் சட்டையில் துடைத்தார். மறுபடி துடைத்தார். மற்ற மூட்டைகள் எதையும் பிரித்துப் பார்க்காமலே இறங்கிப் போனார். வண்டி நகரும்போது அவர் நடைமேடையில் குந்தி வாந்தி எடுத்துக்கொண்டிருந்ததைச் சரவணமுத்து பார்த்தான்.

அப்போதாவது அவன் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. விழுப்புரத்தில் வண்டி மாறினார்கள். சேலம் வரும்வரை அவன் சன்னலைப் பார்த்தே உட்கார்ந்திருந்தான்.

கந்தம்மாள் வாசலிலேயே மறித்தாள்.

"ஏனுங்க, நான் என்ன சொல்லி அனுப்புனேன், நீங்க என்ன பண்ணிட்டு வந்து நிக்கறீங்க? உட்டுட்டு வரச் சொன்னா வேசம் கட்டிக் கூட்டியாந்திருக்கீங்க!"

"அதுவாத் தேடி வந்துருச்சு. என்னால மறுபடி முடியாது புள்ள."

அவள் தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போனாள். அந்த உருவம் தறிவீட்டுக்குள் போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தது. அண்ணன் பகலெல்லாம் ராட்டையில் நூல் சுற்றுவான். இது ராட்டையைத் தொடவில்லை. வைத்த சோறு வைத்தபடி இருந்தது. அன்று சாயங்காலம் கந்தம்மாள் கூட்டிய இடத்தையே மூன்று முறை கூட்டினாள். ஒவ்வொரு முறையும் முறத்தில் மணல் வந்தது.

உண்ணாமலைக்கு மட்டும் சந்தோஷம். பதினைந்து வயதுப் பெண். பெரியப்பாவின் முதுகில் ஏறி வளர்ந்தவள். "பெரியப்பா கை சில்லுனு இருக்குதுப்பா," என்றாள்.

மறுநாள் மத்தியானம் தட்டில் சோறு போட்டு எடுத்துக்கொண்டு அவள்தான் தறிவீட்டுக்குள் போனாள். சரவணமுத்து தறிக்குப் பாவு நூல் ஓட்டும் இடத்துக்குப் போயிருந்தான். பொழுது சாயும் நேரத்தில் திரும்பி வந்து, "பாப்பா எங்கே?" என்று கேட்டான். கந்தம்மாளுக்கு அப்போதுதான் நினைவு வந்தது.

உண்ணாமலை தறிவீட்டுக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தாள். ஒரு கால் முன்னே எடுத்து வைத்தபடி. கையில் தட்டு. சோறு பாதி கீழே சிந்தியிருந்தது. காலடியில் தரை நனைந்திருந்தது. கன்னத்தில் கண்ணீர் காய்ந்து கோடு போட்டிருந்தது. அவளுக்கு எதிரே, அதே சுவரைப் பார்த்தபடி, அந்த முதுகு.

சரவணமுத்து அவளை வாரித் தூக்கினான். மரக்கட்டை மாதிரி வந்தாள்.

"ஏஞ்சாமி? என்ன ஆச்சு?"

"நில்லுன்னாருப்பா."

"யாரு?"

"பெரியப்பா. நில்லு, நான் வாரேன்னாரு." அவள் பற்கள் ஒன்றோடொன்று இடித்தன. "உங்க குரல்லப்பா."

அவன் தறிவீட்டுக் கதவைச் சாத்தி, பெரிய பூட்டாகப் பார்த்துப் பூட்டினான். சாவியை மடியில் செருகிக்கொண்டான். புதுச்சேரி மணலில் தான் சொன்ன சொல்லை அவன் யாரிடமும் சொல்லவில்லை. கந்தம்மாளிடம்கூட.

மறுநாள், வெள்ளிக்கிழமை, உச்சிவெயிலில் மாரியம்மன் கோயில் பூசாரியைக் கூப்பிடக் கிளம்பினான். "கதவுப் பக்கம் ரெண்டு பேரும் போகாதீங்க," என்று சொல்லிவிட்டுத்தான் போனான். தெருமுனையில் நாச்சிமுத்து எதிரே வந்தார். சேலத்துக் கைலிகளைப் புதுச்சேரிக்குக் கொண்டுபோய் விற்கிறவர். தலையில் மூட்டை, காலையில்தான் ரயிலிறங்கியிருந்தார். சரவணமுத்துவைப் பார்த்ததும் மூட்டையைத் தொப்பென்று கீழே போட்டார்.

"ஏனுங்க, நீங்க மனுசனுங்களா? அண்ணனை அங்க உட்டுப்போட்டு வந்து இங்க நடமாடிட்டிருக்கீங்க?"

"அண்ணன் ஊட்டுல..." என்று ஆரம்பித்தான்.

"ஊட்டுலயா? நேத்து சாயங்காலம் வண்டி ஏறப் போறப்ப நான் கண்ணால பாத்தனுங்க. பாலத்துக்குப் பக்கத்துல மணல்ல நிக்கறாரு. உடம்புல பொட்டுத் துணி இல்லீங்க, எவனோ உருவிட்டான். ஒதடெல்லாம் வெடிச்சுப் போச்சு. பசங்க கல்லெறியறாங்க. கையை மட்டும் இப்பிடி மூடி வெச்சிருக்காரு. நான் கூப்பிட்டேன், இழுத்தேன். ஒரு அடி நகரலீங்க. தண்ணி குடுத்தேன், வாய்ல ஊத்துனது வழிஞ்சு போச்சு. இன்னும் ஒரு நா தாங்குனாப் பெருசு."

நாச்சிமுத்து இன்னும் ஏதோ சொன்னார். சரவணமுத்துவின் காதில் அது விழவில்லை.

ஓடினான்.

வெயிலில் தெரு வெள்ளையாக எரிந்தது. இரண்டு பக்கமும் ஒவ்வொரு வீட்டிலும் தறிச் சத்தம், கட்டை விழுகிற சத்தம், நாடா ஓடுகிற சத்தம். யாரோ எதற்கோ சிரித்தார்கள். யாரோ அவன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். செருப்பு ஒன்று கழன்று போனது. நிற்கவில்லை.

அவன் வீட்டில் சத்தம் இல்லை.

வாசல் கதவு உள்ளே தாழிட்டிருந்தது. தட்டினான். "கந்தம்மா!" பக்கத்துச் சன்னலுக்குப் போய்க் கம்பிகளைப் பிடித்தான். உள்ளே இருட்டு. வெயிலில் வந்த கண்ணுக்கு முதலில் எதுவும் பிடிபடவில்லை. பிறகு, ஒவ்வொன்றாக.

எதிர்ச்சுவரில் தறிவீட்டுக் கதவு. பூட்டு தொங்கியது. பூட்டியபடியே.

மடியைத் தொட்டுப் பார்த்தான். சாவி இருந்தது.

கூடத்தில் மூன்று இலைகள். சோறு. ஆவி இன்னும் அடங்கவில்லை.

கந்தம்மாளும் உண்ணாமலையும் சன்னலைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கு எதிரே, அவனுக்கு முதுகைக் காட்டி, காவிக்கரை வேட்டி. பக்கத்தில் தரையில், மல்லாக்க, முகமூடி.

இருவரும் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கத்தவில்லை. அழவில்லை. இமைக்கவில்லை. உண்ணாமலையின் திறந்த கண்ணில் ஈ ஒன்று உட்கார்ந்து, நடந்து, மறுபடி உட்கார்ந்தது.

அது சோற்றைப் பிசைந்தது. பொறுமையாக உருட்டியது. கந்தம்மாளின் வாயில் வைத்து, கட்டைவிரலால் உள்ளே தள்ளியது. வாய் ஏற்கெனவே நிறைந்திருந்தது. கன்னங்கள் உப்பியிருந்தன. உதட்டோரம் சோறு வழிந்து மடியில் விழுந்தது. அதையும் பொறுக்கி எடுத்தது. மறுபடி உருட்டியது. மறுபடி தள்ளியது. தொண்டைக்குள், இரண்டாம் கணு வரைக்கும்.

உண்ணாமலையின் கன்னங்களும் உப்பியிருந்தன.

சரவணமுத்துவின் வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது. சொல் இல்லை. சின்னச் சத்தம்.

பிசைந்த கை நின்றது.

அது திரும்பவில்லை. தலையைக்கூட அசைக்கவில்லை. இன்னொரு உருண்டை பிடித்தது. மெதுவாக. பெரியதாக.

பிறகு, முதுகு முதுகாகவே இருக்க, அந்தக் கை தோளுக்குப் பின்னால் வளைந்து, நீண்டு, இன்னும் நீண்டு, கூடத்தைக் கடந்து, சன்னல் கம்பிகளுக்கு நடுவே அவன் உதட்டுக்கு நேராக வந்து நின்றது. உள்ளங்கையில் சோறு. ஆவி பறந்தது.