சாமு சிரிச்சிக்கினே கீறான்

"ஏஞ்சல்!" என்று கைப்பேசியின் குரல் தேடலில் கத்தினாள் ஜெனிஃபர்.

திரை நிறைய இறக்கை முளைத்த ஆட்கள் வந்து நின்றார்கள்.

"இன்னாடி இது, கிறிஸ்மஸ் நாடகமா?" என்றாள் அம்மா மலர்க்கொடி. நடவுக்குப் போய் வந்த கால்களில் சேறு காயவில்லை.

"நீதானம்மா ஏஞ்சல்னு சொன்ன!"

"ஏஞ்சல் இன்னாவோன்னு டாக்டர் சொன்னாரு. பாதிதான் மனசுல கீது."

தம்பி சாமுவேலுக்கு ஆறு வயது. பேச்சு வரவில்லை. நடந்தால் தள்ளாடுவான். மரபணுவில் வந்த அபூர்வக் குறைபாடாம். "புது மருந்துக்கு எங்கேயாவது ட்ரையல் நடக்கலாம். இதே குறை உள்ள பிள்ளைகளின் பெற்றோரைத் தேடுங்கள், அவர்களுக்குத் தெரியும்" என்று சொல்லி, சென்னை டாக்டர் அந்தக் குறைபாட்டின் பெயரை ஒரு சீட்டில் எழுதித் தந்தார். தண்ணீர் என்றால் சாமுவுக்கு உயிர். சீட்டை அன்றைக்கே வாளியில் முக்கிவிட்டான்.

ஜெனிஃபர் விடவில்லை. பெயர் இல்லாவிட்டால் என்ன? தம்பி இருக்கிறானே!

"என் தம்பி சிரிச்சிக்கினே கீறான்!"

'பூனை கீறினால் என்ன செய்வது?' என்று காட்டியது கைப்பேசி.

"பூனையா? நான் இன்னா சொல்றேன், நீ இன்னா காட்ற!"

சாமு விழுந்து விழுந்து சிரித்தான்.

ஜெனிஃபர் தொண்டையைச் செருமினாள். பள்ளியில் பாடம் வாசிப்பதுபோல நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்: "குழந்தை எப்போதும் சிரிக்கிறான். பேச்சு வரவில்லை. தள்ளாடி நடக்கிறான். தண்ணீர் மிகவும் பிடிக்கும். மரபணுக் குறைபாடு."

"ஏஞ்சல்மேன் சிண்ட்ரோம்" என்று வந்தது.

"அதான்! அதான்டி!" என்று துள்ளினாள் அம்மா.

அந்தப் பெயரைப் போட்டுத் தேடியதில் பெற்றோர் குழு ஒன்றின் எண் கிடைத்தது. ஜெனிஃபர் உடனே அழைத்தாள்.

"வணக்கம். என் தம்பிக்கு ஏஞ்சல்மேன் சிண்ட்ரோம் உள்ளது. நாங்கள் பெருநகர் என்ற கிராமத்தில் வசிக்கிறோம்…"

"பெருநகரா? நாங்க வாலாஜாபாத்துல கீறோம்மா! எம்பேரு சுதா. எம்பையனுக்கும் இதேதான். உன் தம்பி எப்டி கீறான்?"

ஜெனிஃபர் பாடம் வாசிப்பதை விட்டுவிட்டாள். "சிரிச்சிக்கினே கீறான் ஆன்ட்டி!"

அம்மா கைப்பேசியைப் பிடுங்கினாள். "ட்ரையல்னா இன்னாங்க? துணிக்கடைல போட்டுப் பாக்கற மாதிரியா?"

"அப்டிதான்னு வச்சிக்கோயேன். மருந்து ஒத்துக்குதா, வேலை செய்யுதான்னு மொதல்ல கொஞ்சம் பேருக்குக் குடுத்துப் பாப்பாங்க. எல்லாத்தையும் கேட்டுக்கினுதான் ஒத்துக்கணும். இப்ப நம்ம பக்கம் எதுவும் இல்ல. வந்தா மொத ஆளா சொல்றேன்."

அம்மாவின் முகம் வாடியது. "அது வரிக்கும்?"

"பேச்சுப் பயிற்சி, நடைப் பயிற்சி எல்லாம் கீது. ஞாயித்துக்கெழம கூட்டிக்கினு வா. தனியா கெடந்து தவிக்காத. நாங்க கீறோம்ல?"

அந்தப் பக்கம் ஒரு பையன் கலகலவென்று சிரித்தான். அதைக் கேட்டு இந்தப் பக்கம் சாமுவும் சிரித்தான்.

"ம்மா, ஞாயித்துக்கெழம மொத பஸ்ஸு," என்றாள் ஜெனிஃபர். "வாளிய மட்டும் மறைச்சி வை. இந்த நம்பர எழுதி வைக்கணும்!"