பூங்கனி மைனியின் நைட்டி

ரெஜிலா மத்தியானம் வந்து சேர்ந்தபோது மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. ஒரு காலத்தில் வெள்ளைக்காரப் பாதிரியார் குடியிருந்த நாகர்கோவில் ஓட்டு வீடு. தன் கலைக் கண்காட்சிக்காக வாடகைக்கு எடுத்திருந்தாள். கடியப்பட்டணத்துப் பெண்கள் உடுத்துப் பழசாக்கிய நைட்டிகளைக் கூடம் முழுக்கத் தொங்கவிட்டிருந்தாள். மேலே ஒரு துவர்த்துத் துண்டைப் போட்டுக்கொண்டு மீன்சந்தைக்கும் ஆஸ்பத்திரிக்கும் பள்ளிக்கூட வாசலுக்கும் போய்வந்த துணிகள். மறுநாள் காலை திறப்பு. சரியாகத் தூங்கிப் பல நாளான கண்கள் எரிந்தன.

கதவைத் திறந்ததும் மீன் செதிலும் சோப்பும் கலந்த வாடை.

காற்றே இல்லை. நடுவில் நீலப்பூ போட்ட நைட்டி மட்டும் முன்னும் பின்னும் மெல்ல ஆடியது. கிட்டே போனாள். துவைகல்லில் சாய்ந்து நின்றவளின் துணிபோல வயிற்றுப்பக்கம் மட்டும் நனைந்திருந்தது. மேலே ஓடு ஒழுகவில்லை. துணியைப் பிழிந்தாள்.

தண்ணீர் உடம்புச் சூட்டில் இருந்தது.

வாசலில் குடையை மடக்கிக்கொண்டிருந்த குளோரியைக் கூப்பிட்டாள். வீடு வீடாகப் போய் நைட்டிகளை வாங்கித் தந்த சிநேகிதி அவள்தான்.

“ஏட்டி, இந்த நீலம் யாருக்க நைட்டி?”

குளோரி நிமிரவில்லை. “எங்க பூங்கனி மைனிக்க.”

“போன வருசம் செத்துப்போன ஒங்க அண்ணன் பெண்டாட்டியா?”

“துணி அலக்கிட்டு நின்ன நிப்புல சரிஞ்சு விழுந்தா. அப்ப இதைத்தான் உடுத்திருந்தா.”

“அதையா எனக்குத் தந்த?”

“வீட்டுல வச்சிருந்தா அடுக்களையில ஒரே சத்தம், ரெஜி. பாத்திரம் தேய்க்குது, தண்ணி கோருது. செத்தும் அவளுக்கு வேலை தீரல்ல. இங்க நாலு பேரு பாக்கத் தொங்குனா சும்மா நிப்பாளேன்னு நெனச்சேன்.”

கோபப்படக்கூட ரெஜிலாவுக்குத் தெம்பில்லை.

பின்கட்டில் வாளி தரையில் உரசியது.

அந்த வீட்டில் வாளியே கிடையாது.

நீல நைட்டியின் ஆட்டம் நின்றது. அதன் குட்டைக் கை மெதுவாக உயர்ந்து, நெற்றி இருக்கவேண்டிய இடத்தில் ஒருமுறை துடைத்துவிட்டுத் தாழ்ந்தது.

குளோரி சிலுவை வரைந்துகொண்டாள். ஓடவேண்டும் என்றுதான் ரெஜிலாவுக்கும் இருந்தது. ஆனாலும் பார்வையாளர்களுக்காக வாடகைக்கு எடுத்திருந்த பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றை நைட்டிக்கு அடியில் இழுத்துப்போட்டாள். அது தொங்கிய கயிற்றைத் தளர்த்தினாள்.

“இருங்க மைனி,” என்றாள் கிசுகிசுப்பாக. “மிச்ச வேலைய நாங்க பாத்துக்கிடுதோம்.”

துணி சரிந்து விழவில்லை.

உட்கார்ந்தது.

மறுநாள் கூட்டம் நெரிந்தது. “எங்க வீட்டுலயும் இதே பூதான்” என்று பெண்கள் சிரித்தார்கள், செல்பி எடுத்தார்கள். சென்னையிலிருந்து வந்த ஓவிய ஆசிரியர் அந்த நாற்காலி நல்ல யோசனை என்று பாராட்டினார். ரெஜிலா தலையை மட்டும் ஆட்டினாள். துணி காய்ந்திருந்தது. வாடையும் இல்லை.

கண்காட்சி முடிந்த அன்றே குளோரி அந்த நைட்டியைக் கொண்டுபோய்க் கல்லறைத் தோட்டத்தில், மைனியின் காலடியில் புதைத்துவிட்டு வந்தாள். இருவருக்கும் பாரம் இறங்கியதுபோல இருந்தது.

சாயங்காலம் வாடகைக் கடை மகேஷ்குமார் நாற்காலிகளை எடுக்க வந்தான். ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டே வந்தவன் நடுக்கூடத்தில் நின்றான். ஒரு கையால் இழுத்தான். பிறகு இரு கையாலும்.

“என்னக்கா இது, அசையமாட்டேங்குது?”

“விட்டுரு மக்கா,” என்றாள் குளோரி. “அது அங்கயே கெடக்கட்டும்.”

வெறும் நாற்காலி. அதன் நான்கு கால்களும் கனம் தாங்காமல் கொஞ்சம் கொஞ்சமாக அகன்றுகொண்டிருந்தன.