படகைத் திருப்பியவன்

"அங்கேயிருந்து இறங்குங்க."

படகின் மூக்கின்மேல் செருப்புக் காலோடு நின்று அளவெடுத்தவன் திரும்பினான். அவன் இமைகளில் மழைத்துளி தங்கியிருந்தது. திட்ட வாயெடுத்த மாலிவன் ஒரு கணம் சொல்லை மறந்தாள்... பிறகு நினைவு வந்தது.

அவள் பிறந்ததே இந்தப் படகில்தான். அயுத்தயாவிலிருந்து பாங்காக்குக்கு நெல் ஏற்றிய தேக்குப் படகு. அப்பா போன வருடம் விற்றுவிட்டார். இப்போது அது ஓட்டலாகிறது. அதில் அவளுக்கு வருத்தமில்லை. ஆனால் விருந்தாளிகள் ஏறும் பலகையை மூக்கின்மேலேயே போட்டிருந்தார்கள். படகின் தாய்த்தெய்வம் குடியிருக்கும் இடம் அது. யாரும் கால் வைப்பதில்லை.

"இன்ஜினியரா நீங்க? இதுகூடத் தெரியாதா?"

"தெரியும். ஆனா ஓடுற படகுலதானே தாய் இருப்பா? இது இனிமே நிக்கிற படகு."

"வேலை நின்னுட்டா அம்மா வீட்டை விட்டுப் போயிடுவாளா?"

அவன் சிரித்துவிட்டான். பெயர் சூரின் என்றான். பின்பக்கம் கரைக்கு வரும்படி படகைத் திருப்பிக் கட்டச் சொன்னாள். அதற்கு இழுவைப் படகு வேண்டும், திறப்புவிழா தள்ளிப்போகும் என்றான். பிறகு விளையாட்டாகத்தான் கேட்டான், விற்ற படகின்மேல் இவ்வளவு உரிமையா என்று... மாலிவன் படகுத் தாய்க்கென்று கொண்டுவந்த மாலையை மூக்கில் கட்டாமலே நடந்தாள். இனி இந்தப் பக்கம் வருவதில்லை.

ஆனால் அவள் வேலை செய்வது பயணிகள் படகில், கண்டக்டராக. தினமும் நான்கு முறை அந்த வழியேதான் போகவேண்டும். முகத்தைத் திருப்பிக்கொள்வாள். எதைப் பார்க்கக்கூடாது என்று... படகையா, அவனையா?

ஒன்பதாம் நாள், பழைய படகின் மூக்கு ஆற்றைப் பார்த்திருந்தது. ஏறும் பலகை பின்பக்கம் போயிருந்தது. டிக்கெட் கிழிக்க நீட்டிய கை அப்படியே நின்றது.

அடுத்த துறையில் சூரின் ஏறினான்.

"எங்க போகணும்?"

"தெரியல."

"தெரியாத ஊருக்கு டிக்கெட் கிடையாது."

முதலாளி திட்டியதையும், விழா ஒரு வாரம் தள்ளிப்போனதையும் மெல்லச் சொன்னான். சாமிக்காக என்றுதான் அவரிடம் சொன்னானாம்.

"பாதிதான் நிஜம்... நீங்க தினமும் மூஞ்சியத் திருப்பிட்டுப் போறதை என்னால பார்க்க முடியலைங்க. அன்னிக்கு நான் பேசினது தப்பு. எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு."

காய்கறிக் கூடையோடு பக்கத்தில் இருந்த ஓர் அம்மாள் பேச்சை நிறுத்திவிட்டுக் காது கொடுத்தாள். மாலிவனுக்குக் கன்னம் சுட்டது. ஆற்றைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"மூஞ்சியைத் திருப்பினது உண்மைதான்... ஆனா ஓரக்கண்ணால ஒரு நாளும் பார்க்காம இருந்ததில்ல."