ஓர் ஆளளவு இடம்

முதலில் கண்டுபிடித்தது சிவமலர்தான். படத்தை மெழுகுதிரிக்குக் கிட்டப் பிடித்து, தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்த்துப் பார்த்துவிட்டு, “ஏனப்பா, நடுவிலை இடத்தை விட்டுப்போட்டு எடுத்திருக்கிறியள்?” என்று கேட்டாள்.

அவள் கணவன் பேரின்பநாதன் இரண்டு போர்வைகளைச் சுற்றிக்கொண்டு சோபாவில் சுருண்டிருந்தான். திங்கட்கிழமை தொடங்கிய உறைமழை வெள்ளிக்கிழமை ஆகியும் விடவில்லை. பார்க் எக்ஸ்டென்ஷனில் மின்சாரம் போய் மூன்று நாளாகிவிட்டது. மாலை ஐந்து மணிதான், ஆனால் ஜனவரி மாதத்து மொன்றியலில் ஐந்து மணிக்கும் நடுச்சாமத்துக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. வெளியே மரக்கிளைகள் ஐஸின் பாரம் தாங்காமல் ஒன்றன்பின் ஒன்றாக முறிந்து விழுந்துகொண்டிருந்தன. ஒவ்வொரு முறிவுக்கும் சிவமலர் தோளைக் குறுக்கிக்கொண்டாள், வெடிச்சத்தம் கேட்டு வளர்ந்த உடம்பு அப்படித்தான் செய்யும். வீட்டுக்குள் மெழுகு மணமும், ஈரச் சப்பாத்தின் மணமும், சூடாக்க வழியில்லாமல் சட்டியிலேயே உறைந்துபோன மீன்குழம்பின் மணமும் கலந்து நின்றன.

“எந்தப் படம்?” என்றான்.

அவள் நீட்டினாள். பெரு நாட்டு லீமா நகரத்துப் பெரிய சதுக்கம். மஞ்சள் கட்டடங்கள், மரத்தால் செய்த பழைய மாடங்கள், வெண்கல நீரூற்று. நீரூற்றின் விளிம்பு நிறையப் புறாக்கள். நடுவில் மட்டும், சரியாக ஓர் ஆள் இருக்கக்கூடிய அளவுக்கு, புறா ஒன்றுகூட இல்லாத இடம்.

அந்த இடத்தில் ஆள் இருந்தார். அதை எடுத்தவன் அவன்தான். “அண்ணை, கொஞ்சம் சிரியுங்கோ” என்று சொன்னதும், செபஸ்தியாம்பிள்ளை அண்ணை ஒரு புறா தோளில் வந்து குந்தியதில் வெட்கப்பட்டுச் சிரித்ததும் அவனுக்கு நேற்றுப்போல் நினைவிருந்தது. 

அந்தப் படச்சுருள் ஆறு வருடம் காமராவுக்குள்ளேயே கிடந்தது. காமரா அண்ணையுடையது, எறிய மனம் வராமல், கழுவ விடவும் துணிவு வராமல், பழைய பயணப்பை ஒன்றில் போட்டு அலுமாரிக்கு மேலே தள்ளியிருந்தான். அவன் செய்த ஸ்பொன்சரில் ஐப்பசியில் ஊரிலிருந்து வந்திறங்கிய சிவமலர் வீடு துடைக்கும்போது அதைக் கண்டெடுத்து, ஊருக்கு அனுப்பவென்று சுருளில் மிச்சமிருந்ததில் பனியைப் படம்பிடித்து, அவனுக்குச் சொல்லாமல் கடையில் கொடுத்துக் கழுவியும் எடுத்துவிட்டாள். அரை மணி நேரத்துக்கு முன் உறையை அவன் மடியில் வைத்தபோது அவள் முகத்தில் என்ன பெருமை! அவனுக்கு அழலாம்போல் இருந்தது.

“இதிலை நீங்கள் நிக்கிறியள். வடிவா உடுத்திருக்கிறியள். அகதி எண்டு ஆரும் சொல்லமாட்டினம்” என்று அடுத்த படத்தைப் பார்த்துச் சிரித்தாள்.

சொல்லக்கூடாது என்பதற்குத்தான் அந்த உடுப்பு. ஆட்களைக் களவாக வெளிநாட்டுக்கு அனுப்பும் ஏஜென்சிக்காரன் அவனையும் செபஸ்தி அண்ணையையும் லீமாவில் ஓர் அறையில் வைத்திருந்த நாலு வாரமும் தினம் ஒரு கட்டளை போடுவான்: வெளியே போங்கோ, ஊர் பாருங்கோ, படம் எடுங்கோ. பாஸ்போட்டில் நீங்கள் உல்லாசப் பயணிகள். விமான நிலையத்தில் மறித்தால் காட்டுவதற்குப் படம் வேண்டும். குண்டுக்குப் பயந்து யாழ்ப்பாணத்தை விட்டு ஓடிவந்த இரண்டுபேர், குண்டு வெடித்துக்கொண்டிருந்த இன்னொரு ஊரில், சப்பாத்து மினுக்கிக்கொண்டு, சிலைகளுக்கு முன்னால் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றார்கள். ஆமி வாகனம் போனால் இரண்டுபேருக்கும் கால் நடுங்கும். நடுங்கிக்கொண்டே சிரிப்பார்கள்.

“இதை ஆர் எடுத்தது?”

“றோட்டாலை போன ஒருத்தன்.”

“இதை?”

“அதையும் ஒருத்தன்தான்.”

சிவமலர் படங்களை அடுக்கி மடியில் வைத்தாள். பிறகு, அவன் பயந்துகொண்டிருந்ததையே கேட்டாள். “இமெல்டாக்காவின்ரை மனுசனும் உந்தப் பக்கத்தாலைதான் வெளிக்கிட்டவராம். நான் வரேக்கை படம் தந்து விட்டவ, ஆரும் கண்டவையோ எண்டு விசாரி எண்டு. நீங்கள் உண்மையா அவரைக் காணேல்லையோ?”

“எத்தினை தரம் கேக்கிறீர்? காணேல்லை எண்டு சொல்லிப்போட்டன். நான் தனியத்தான் வந்தனான்.”

செபஸ்தி அண்ணையின் மனைவி இமெல்டா தந்துவிட்ட, அண்ணையின் அந்தச் சின்னப் படம் சாமிப்படத்துக்குப் பக்கத்தில் இருந்தது. இந்தச் சுருளில் அண்ணையின் முகம் ஒரு படத்தில் இருந்தாலும் போதும், சிவமலர் கண்டுகொள்வாள். ஏழு வருடம் அவனுக்காகக் காத்திருந்து வந்தவள். உண்மை தெரிந்தால் அவள் சத்தம் போடமாட்டாள். எழும்பி, மற்ற அறைக்குப் போய், இமெல்டாவுக்குக் கடிதம் எழுதத் தொடங்குவாள். அவன் கையால் ஒரு வாய் தண்ணீர்கூட வாங்கமாட்டாள். அவனுக்கு இந்த உலகத்தில் வேறு பயம் இருக்கவில்லை.

படங்களை அவளிடமிருந்து வாங்கி, தானே ஒவ்வொன்றாகப் பார்த்தான். கடற்கரை மேட்டில் கம்பித்தடுப்பு, தடுப்பில் யாரும் சாய்ந்திருக்கவில்லை. அண்ணை வாங்கித் தின்ற இறைச்சிக் குச்சி விற்கும் தள்ளுவண்டி, முன்னால் யாரும் இல்லை. தேவாலய வாசல், யாரும் இல்லை. அண்ணை எடுத்ததில் எல்லாம் அவன் இருந்தான். அவன் எடுத்ததில் எல்லாம் ஓர் ஆளளவு இடம் இருந்தது.

பதினெட்டாவது படத்துக்கு வந்தபோது கை நின்றது.

அந்தப் பதினெட்டாவது படம் தேவாலயத்தின் கீழே உள்ள நிலவறையில் எடுத்தது. பழைய காலத்துச் செத்தவர்களின் எலும்புகளை வட்டம் வட்டமாக அடுக்கி வைத்திருந்த இடம். ஊர் பார்க்க வருபவர்கள் எல்லோரும் போவார்கள். அண்ணைக்குக் கத்தோலிக்க வேதம் என்றால் உயிர், அதனால் ஆசைப்பட்டுக் கேட்டார். அன்று காலையில்தான் ஏஜென்சிக்காரன் சொல்லியிருந்தான்: நாளைக்குக் கனடாவுக்கு ஒரு சீட்தான் இருக்கு, விசா இருப்பது செபஸ்தியின் பாஸ்போட்டில்தான், நாதன் அடுத்த மாதம் பார்க்கலாம். பாஸ்போட்டில் படத்தை உரித்து வேறு படம் ஒட்டுவதை அவர்கள் தலை மாற்றுவது என்பார்கள். ஒரு மணித்தியால வேலை.

நிலவறையின் கல் படியில் அண்ணை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அந்த நேரம் பார்த்து மின்சாரம் நின்றது. எங்கேயோ கிளர்ச்சிக்காரர் மின்கோபுரத்தைத் தகர்த்திருப்பார்கள், அந்த ஊரில் அது வழமை. ஆட்கள் கத்திக்கொண்டு மேலே ஓடினார்கள். இருட்டில் அண்ணையின் கை வந்து அவன் கையைப் பிடித்தது. சுண்ணாம்பும் தூசும் மணக்கும் இருட்டு. “தம்பி, என்னைப் பிடியும். எழும்ப ஏலாமல் கிடக்கு.” வெளிச்சத்துக்காகக் காமராவின் பொத்தானை அழுத்தினான். பளிச்சென்ற அந்த ஒரு கணத்தில் அண்ணையின் முகத்தைக் கண்டான்.

பிறகு கையை உருவிக்கொண்டான். இரண்டுபேரின் பாஸ்போட்டும் இருந்த பை அவன் தோளில்தான் இருந்தது.

மேலே இரும்புக் கதவடியில் காவலாளி மெழுகுதிரியோடு நின்று, விரலைக் காட்டி, எத்தனை பேர் என்று கேட்டான். உள்ளே வேறு யாரும் உண்டா என்று கேட்டான். பேரின்பநாதன் ஒரு விரலைக் காட்டினான். நான் மட்டும்தான். கதவு மூடியது.

இப்போது அவன் கையில் அந்தப் படம் இருந்தது. எலும்புகளின் வட்டம். ஒரு கல் படி. படியில் யாரும் இல்லை.

ஒரு நிமிடம் மூச்சு வந்தது. தப்பினேன் என்று நினைத்தான். சிவமலர் எதையும் காணப்போவதில்லை. ஆறு வருடத்து நடுக்கம் உடம்பை விட்டு இறங்கியது. அப்படி இறங்கும்போதே இன்னொரு யோசனை வந்தது. படத்தில் இல்லையென்றால், ஆள் எங்கே?

வாசல் நடையிலிருந்து சுண்ணாம்பு மணம் வந்தது.

“உமக்கு ஏதும் மணக்குதோ?” என்றான்.

“குழம்புதான் பழுதாப்போச்சு” என்றாள் அவள்.

கீழே சப்பாத்துச் சத்தம் கேட்டது. கனத்த சப்பாத்துகள், பலபேருடையவை, ஒவ்வொரு கதவாகத் தட்டிக்கொண்டு மேலே வந்தன. சிவமலர் சட்டென்று மெழுகுதிரியைக் கையால் மறைத்தாள். “ஆமி” என்றாள்.  “ஆமி வந்து ஆக்களை எண்ணுதப்பா.”

“பயப்பிடாதையும். இது இஞ்சத்தை ஆமி. உதவிக்கு வருகினம்.” சொல்லிக்கொண்டே எழும்பினான்.

கதவைத் திறந்தான். இருபது வயதுச் சிப்பாய் ஒருவன், மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை, டோர்ச் லைட்டும் பெயர்ப்பட்டியலும் வைத்திருந்தான். “பொன்சூர்” என்று சொல்லி, பஸ் நிற்கிறது, பள்ளிக்கூட மண்டபத்தில் சூடு இருக்கிறது, எல்லோரும் வாருங்கள் என்று பிரெஞ்சில் விளக்கினான். பிறகு விரலை உயர்த்தி, எத்தனை பேர் என்று கேட்டான்.

பேரின்பநாதன் இரண்டு விரலைக் காட்டினான்.

சிப்பாய் எழுதப் போனவன் நிறுத்தினான். பேரின்பநாதனின் தோளுக்கு மேலால், நடையின் இருட்டைப் பார்த்தான். டோர்ச் லைட்டை அந்தப் பக்கம் திருப்பி, மரியாதையாகத் தலையை ஆட்டினான். மூன்று விரலைக் காட்டினான்.

“இல்லை” என்றான் பேரின்பநாதன். திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை. “இரண்டு. இரண்டுபேர்தான்.” விரல்களைச் சிப்பாயின் முகத்துக்கு நேரே நீட்டினான். 

சிப்பாய் தோளைக் குலுக்கிவிட்டு இரண்டு என்று எழுதிக்கொண்டு அடுத்த கதவுக்குப் போனான்.

“அவன் ஏன் மூண்டு எண்டவன்?”

“இருட்டிலை என்னத்தையோ பாத்திருப்பான். நீர் கீழை போம். நான் பூட்டிப்போட்டு வாறன்.”

“கெதியா வாங்கோ. எனக்கு அவங்களோடை தனிய நிக்கப் பயமாக் கிடக்கு.” பையைத் தூக்கிக்கொண்டு, சுவரைப் பிடித்துப் பிடித்து அவள் இறங்கினாள்.

படங்களை எரிக்க வேண்டும். நெகட்டிவையும் எரிக்க வேண்டும். அதற்குத்தான் நின்றான். குசினிக்குள் போய்ப் பாத்திரம் கழுவும் தொட்டியில் எல்லாவற்றையும் கொட்டி மெழுகுதிரியைச் சரித்தான். நெகட்டிவ் சுருண்டு கருகியது. புகை கண்ணைக் கரித்தது. நடையில் துணி உரசும் சத்தம் கேட்டது. கொக்கியிலிருந்து ஒருவர் கோட்டை எடுக்கும் சத்தம். ஒரு கை நுழைகிறது. மற்றக் கை. ஜிப் மேலே ஏறுகிறது.

“சிவமலர்?”

பதில் இல்லை. வாசல் கதவு மெல்லச் சாத்திக்கொண்டது. படியில் காலடி இறங்கியது. ஒரு படி. ஒரு ஓய்வு. ஒரு படி. நெஞ்சுவலிக்காரர் இறங்குவதுபோல.

அவன் நடைக்கு ஓடினான். கொக்கியில் அவனுடைய கோட் இல்லை. கதவின் கைப்பிடியைத் திருகினான். திரும்பவில்லை. இரண்டு கையாலும் திருகினான். அது குமிழாக இல்லை. குளிர்ந்த இரும்புக் கம்பியாக இருந்தது.

முன்னறை ஜன்னலுக்கு ஓடினான். கண்ணாடி முழுக்க ஐஸ். உள்ளங்கையால் தேய்த்தான். நகத்தால் சுரண்டினான். ஒரு காசளவு ஓட்டை விழுந்தது.

கீழே பஸ் விளக்கு எரிந்தது. சிவமலர் நின்றாள். பக்கத்தில் அவனுடைய நீலக் கோட். தொப்பி இழுத்து மூடியிருந்தது. வழுக்காமல் இருக்க அவள் அந்தக் கையைப் பிடித்திருந்தாள். ஏதோ சொன்னாள். சிரித்தாள். ஆறுதலடைந்த சிரிப்பு.

“மலர்!” கண்ணாடியில் குத்தினான். “மலர்! அது நான் இல்லை!” கிளை ஒன்று முறிந்து விழுந்தது. அவள் தோளைக் குறுக்கிக்கொண்டு நீலக் கோட்டோடு ஒட்டிக்கொண்டாள்.

சிப்பாய் பட்டியலோடு வந்தான். எத்தனை பேர் என்று விரலைக் காட்டினான். மேலே, இருண்ட ஜன்னல்களைச் சுட்டி, உள்ளே வேறு யாரும் உண்டா என்று கேட்டான்.

நீலக் கோட்டுக்குள்ளிருந்து ஒரு கை எழுந்தது. இரண்டு விரல்.

சிப்பாய் பட்டியலில் கோடு போட்டான். வீட்டில் யாரும் இல்லை என்பதற்கு அடையாளமாக முன்கதவில் ஒரு மஞ்சள் நாடாவைக் கட்டினான். பஸ் கதவு மூடியது.

விளக்கு போனது. இருட்டு. சுண்ணாம்பு மணம். பேரின்பநாதன் பின்னால் ஒரு அடி வைத்தான். குதிக்காலில் ஏதோ இடறியது. குனிந்து தடவினான். குளிர்ந்த, தேய்ந்த கல் படி.

அந்த வீட்டில் கல் படி கிடையாது. நெஞ்சு இறுகத் தொடங்கியது. அவன் அதில் உட்கார்ந்தான்.