துப்பாமல் போனவர்

மலை ஏறி வந்த ஜீப்பிலிருந்து இறங்கும்போதே காபி டேஸ்டர் மூக்கைச் சுளித்தார். மூடுபனி, வழுக்கும் சேறு, காபிப் பழத்தோல் புளித்த நாற்றம். இதைப் பார்க்கத்தான் ஜனங்கள் கழுத்தில் கேமராவை மாட்டிக்கொண்டு ஓடி வருகிறார்கள்! இருபத்திரண்டு வருடமாக அவருக்குச் சோறு போட்டது அவருடைய நாக்கு. உலகத்தில் அவர் மதித்ததும் அதை மட்டும்தான். மற்றவர்களெல்லாம் அவருக்குக் கால் தூசு. உண்மையைச் சொன்னால், பாதி நாள் அந்த நாக்கையும் அவர் வேலை வாங்குவதில்லை. காபித் தோட்டக்காரர்களின் முகத்தைப் பார்த்தே மார்க் போட்டுவிட்டுப் போகிற ஆசாமி.

தோட்டத்தை நடத்துகிற பெண் ரப்பர் பூட்ஸும் சாயம்போன ஸ்வெட்டருமாக எதிரே வந்தாள். பத்துக்கு நாலு போதும் என்று அவர் அப்போதே முடிவு செய்துவிட்டார்.

"வாங்க சார். வழியில சிரமம் ஒண்ணும் இல்லையே?"

"அது ரோடா? எருமை போற தடம். சீக்கிரம் முடிங்க, மூணு மணிக்கு நான் கீழ இறங்கணும்."

ருசி பார்க்கிற அறை பழம் உரிக்கும் கொட்டகைக்குப் பின்னால் இருந்தது. பட்டப்பகலிலும் பனி ஜன்னலை அடைத்துக்கொண்டு நின்றது. மேசையில் வரிசையாகக் கோப்பைகள். பொடியின்மேல் வெந்நீர் ஊற்றி நாலு நிமிடம் விட்டால் மேலே ஏடு கட்டும். அதைக் கரண்டியால் உடைத்து முகர்ந்து, சத்தமாக உறிஞ்சி, வாய்க்குள் சுழற்றி, வாளியில் துப்ப வேண்டும். விழுங்குகிறவன் டேஸ்டர் இல்லை, விருந்தாளி என்று புதியவர்களை அவர் நக்கலடிப்பதுண்டு.

ஒரு ரகத்துக்கு ஐந்து கோப்பைதான் கணக்கு. இங்கே கடைசியில் ஆறாவதாக ஒன்று இருந்தது.

"அது எங்க மாமாவோடது சார். என் வீட்டுக்காரரோட அப்பா. அவரும் டேஸ்டர்தான்." அவள் குரலைத் தாழ்த்தினாள். "போன வருஷம் இதே மேசைல ஒரு வாய் எடுத்தார், அப்படியே போயிட்டார். ருசியும் சொல்லல, துப்பவும் இல்ல. வேலை பாதியில நிக்குது அவருக்கு. அந்த ஏட்டை மட்டும் உடைக்காதீங்க."

"பேய்க்குக் காபியா? சர்க்கரை போட்டா, போடாமலா?"

தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்தபடி தாளில் 'நாலு' என்று எழுதினார்.

"இன்னும் வாயே வைக்கலையே சார். எங்க ஒரு வருஷ உழைப்பு..."

"எனக்கே பாடமா?" என்றவர், வேண்டுமென்றே ஆறாவது கோப்பையை இழுத்து ஏட்டை உடைத்தார். அவள் சுவரோரம் ஒதுங்கினாள்.

காபி வாசனை வரவில்லை. பல நாள் பூட்டிக் கிடந்த அறையின் வாசனை வந்தது. வீம்புக்கு ஒரு கரண்டி உறிஞ்சினார். இப்போதுதான் வெந்நீர் ஊற்றிய கோப்பை. ஆனால் காபி சில்லிட்டிருந்தது.

மேசைக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து இன்னொரு உறிஞ்சல் கேட்டது.

அங்கே யாரும் இல்லை.

துப்புவதற்கு வாளியை நோக்கிக் குனிந்தார். உதடு திறக்கவில்லை. ஒரு குளிர்ந்த கை தாடையைக் கீழிருந்து அழுத்திப் பிடித்திருந்தது.

விழுங்கினார்.

அதன்பின் அவருடைய கை தானாக நகர்ந்தது. முதல் கோப்பை, இரண்டாவது, மூன்றாவது என்று வாய் உறிஞ்சி உறிஞ்சித் துப்பியது. அவருக்கு எதிலும் ருசி தெரியவில்லை. எல்லாம் வெறும் வெந்நீர்.

"ரெண்டாவதுல ஈரம் ஏறியிருக்கும்மா," என்றது அவருடைய வாய். "பழத்தை ஒரு ராத்திரி குவிச்சுப் போட்டுட்டீங்க. மத்ததெல்லாம் தேன்."

கை 'நாலை' அடித்து 'எட்டு' என்று எழுதியது.

"மாமா..." என்று கிசுகிசுத்தாள் அவள்.

அந்த மலையை விட்டு வந்து ஆறு மாதம் ஆகிறது. இப்போதுதான் அவருக்கு உண்மையான பேர். ஒரு தீர்ப்பும் தப்புவதில்லை. ஆபீஸில் எல்லாரும் அந்த நாக்கைக் கொண்டாடுகிறார்கள். பச்சைமிளகாயைக் கடித்தாலும் உறைக்காத பயங்கரம் அவருக்கு மட்டும்தான் தெரியும். சொல்லலாமென்று வாயைத் திறந்தால், நாக்கு வேறு எதையாவது சொல்லிவிடும். சோற்றுத் தட்டின் முன்னால் உட்காரவே அவருக்குப் பயம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், என்ன ஆனாலும் சரி என்று மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"என்னங்க, எதுக்கு அழறீங்க?"

என்னைக் காப்பாத்து என்று கத்துவதற்காக, பலம் முழுவதையும் திரட்டி வாயைத் திறந்தார்.

"ஒண்ணுமில்லம்மா," என்றது நாக்கு, சாவதானமாக. "உன் புருஷனுக்கு வாய்த்துடுக்கு கொஞ்சம் ஜாஸ்தி. அதான் சும்மா இருக்கச் சொல்லியிருக்கேன்."